ஒன்பதால வகுத்துப் பாரு!

"செப்டம்பர் அஞ்சு வருது சார். ஏதாவது தனியார் ஸ்கூலுக்குப் போய், 'எது உங்களைப் பாடம் நடத்த வைக்குது?'ன்னு டீச்சர்களைக் கேட்டு எழுதுங்க. கொஞ்சம் நெகிழ்ச்சியா இருக்கட்டும்!" என்றார் உதவி ஆசிரியர்.

நெகிழ்ச்சி என்ன, கிலோ கணக்கிலா கிடைக்கிறது? இருந்தாலும் கிளம்பினேன். பி.காம். படித்துவிட்டு எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

தாம்பரம் தாண்டி ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. 2011-ல் சமச்சீர்க் கல்வி வந்து பாடப் புத்தகம் ஒன்றாகிவிட்டது. போர்டில் மட்டும் 'மெட்ரிகுலேஷன்' இன்னமும் கம்பீரமாக நிற்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம் என்று பிரின்சிபால் மேடம் கேட்டுக்கொண்டார். ஓகே, வேண்டாம்.

அவர் அறையில் மூன்று ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வைவா பரீட்சைக்கு வந்த மாதிரி.

"உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யாரு?"

"டாக்டர் ராதாகிருஷ்ணன் சார்!" என்றார் முதலாமவர். இரண்டாமவரும் அதே. மூன்றாமவர், "அவங்க சொன்னதேதான் சார்!"

சுவரில் ராதாகிருஷ்ணன் படம். 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்து, 1962-ல் ஜனாதிபதியானவர். அந்த வருஷத்திலிருந்துதான் அவர் பிறந்த நாள் நமக்கு ஆசிரியர் தினம். பெரிய மனுஷர்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று தடவை கேட்ட பிறகு, "போதும் விடுங்கப்பா!" என்று படத்திலிருந்து அவரே சொல்வது போலிருந்தது.

நல்லவேளை, மதிய மணி அடித்தது. ஸ்கூல் பஸ் விஷயமாக யாரோ கூப்பிட, மேடம் எழுந்து போனார். நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்துவிட்டேன். டிபன் பாக்ஸ்கள் திறந்தன. கூடவே வாய்களும்.

முதலில் கணக்கு டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் குன்று மாதிரி நோட்டுகள். நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பது பேர், ஆக 160 நோட்டு. ஒன்றுக்கு ரெண்டே நிமிஷம் என்றாலும் 320 நிமிஷம். அதாவது அஞ்சேகால் மணி நேரத்துக்கும் மேல், வீட்டில். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஃபைல் வந்தால் ஆபீஸில் நாம் போடும் சத்தத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

"ஆறாவது படிக்கறப்போ, 'மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் ப்ளஸ் வருது?'ன்னு கேட்டேன் சார். டீச்சர் என்னை பெஞ்ச் மேல ஏத்திட்டாங்க. 'ரூல்னா ரூல்தான், மனப்பாடம் பண்ணு'ன்னு அடி வேற. அன்னிக்கு முடிவு பண்ணினேன், நான் டீச்சரானா இதை விளக்கிச் சொல்லணும்னு."

"எனக்கும் தெரியாதே மேடம்..." என்று வழிந்தேன்.

"உங்களுக்கு மூணு கடன், ஒவ்வொண்ணும் இருநூறு ரூபாய்னு வெச்சுக்கங்க. கடன்னா மைனஸ். மூணையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. தள்ளுபடியும் மைனஸ். இப்ப உங்க நிலைமை கூடிச்சா, குறைஞ்சதா?"

"அறுநூறு ரூபாய் கூடிச்சு!"

"அவ்வளவுதான் சார். நல்ல டீச்சரைப் பார்த்துத்தான் டீச்சராகணும்னு இல்லை. அடிச்சவங்களைப் பார்த்தும் ஆகலாம்."

குழந்தைகளை அடிக்கக்கூடாது என்று 2009-ல் கல்வி உரிமைச் சட்டமே போட்டாயிற்று. இந்த அம்மாள் அந்தச் சட்டத்தைத் தனக்குத்தானே ஆறாம் வகுப்பிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்து சயின்ஸ் சார். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவர் வேறொரு பள்ளியில் இருந்தார். முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. நாமக்கல்லில் மாமனார் வீட்டுக்குப் போய் முட்டை வேன் ஓட்டியிருக்கிறார்.

"ஒரு நாள் பத்தாவது போற பையன் போன் பண்ணினான். முதல் பாடம் இயக்க விதிகள். 'நிலைமம்னா என்னன்னே புரியலை சார்'ங்கறான். நான் எக்ஸ் வாத்தியார். சம்பளமும் கிடையாது. ஆனா வாய் சும்மா இருக்குமா? வேனை ஓரங்கட்டிட்டு டீக்கடைக்குப் போனேன். கடையில ஒரு அவிச்ச முட்டை வாங்கினேன். பச்சை முட்டைக்குத்தான் பஞ்சமில்லையே! வீடியோ கால்ல ரெண்டையும் தட்டுல சுத்திவிட்டேன். விரலால ஒரு செகண்ட் தொட்டு நிறுத்திட்டு, உடனே விரலை எடுத்தேன். அவிச்சது நின்னுபோச்சு. பச்சை முட்டை மறுபடி தானா சுத்த ஆரம்பிச்சுது. ஓட்டை நிறுத்தினாலும் உள்ளே இருக்கற திரவம் சுத்திக்கிட்டே இருக்கும்ல, அதுதான் நிலைமம். 'சார்! சுத்துது சார்!'னு அவன் போட்ட கத்தல்ல டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார். அந்தக் கத்தலுக்காகத்தான் சார் திரும்பி வந்தேன். சம்பளம்? வேன்ல கூடவே கிடைச்சுது."

ஓரமாக உட்கார்ந்திருந்த இளம் தமிழ் டீச்சர் சிரித்தார். "எனக்கு இன்ஸ்பிரேஷன்லாம் ஒண்ணுமில்லை சார். வீட்டுலேர்ந்து நடக்கற தூரம். பேங்க் எக்ஸாம் எழுதிட்டிருக்கேன், கிடைச்சா போயிடுவேன்." சொல்லிவிட்டுக் குனிந்து, ஒரு குழந்தை எழுதிய 'பல்லி'யைப் 'பள்ளி'யாக்கி, ஓரத்தில் ஒரு சின்னப் பல்லி படம் வரைந்தார். குழந்தைக்கு வித்தியாசம் மறக்காதாம். ஒண்ணுமில்லையாமே!

ரயிலில் திரும்பும்போது என் அக்கவுன்டன்ஸி சார் நினைவுக்கு வந்தார். அவரும் தனியார் பள்ளிதான். ப்ளஸ் ஒன்னில் ஒரு நாள் என் டிரையல் பேலன்ஸ் தொண்ணூறு ரூபாய் உதைத்தது. அழாத குறை. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் சார் என்னோடு உட்கார்ந்தார்.

"வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாரு. மீதி இல்லாம வகுபட்டா, அநேகமா ஏதோ ஒரு நம்பரை இடம் மாத்தி எழுதியிருப்பே."

தேடினேன். 540 என்று எழுத வேண்டிய இடத்தில் 450! மணி ஆறரை. சார் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னை பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவிட்டார். அன்றைக்கு வந்த தைரியத்தில்தான் பி.காமே சேர்ந்தேன். "பாஸ் பண்ணிட்டு வந்து பார்க்கிறேன் சார்" என்று சொன்னவன், போகவேயில்லை. கணக்கை விட்டுவிட்டுக் கதை எழுதுகிறேன் என்று எந்த மூஞ்சியோடு சொல்வது?

பெறுபவர் பற்று, தருபவர் வரவு. அவர் சொல்லிக்கொடுத்த முதல் விதியே அதுதான். பதினாறு வருஷமாக என் பேரில் பற்று அப்படியே நிற்கிறது.

பழைய நண்பனிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். குரல் தளர்ந்திருந்தது. பெயர், பேட்ச், உட்கார்ந்த பெஞ்ச் எல்லாம் சொன்னேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"எத்தனையோ பசங்கப்பா... கோவிச்சுக்காதே. இப்ப என்ன பண்றே?"

"பத்திரிகைல எழுதறேன் சார். அக்கவுன்ட்ஸ் விட்டாச்சு..."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அதனால என்ன? வரவு செலவு டேலி ஆகுதா?"

"இல்லை சார். மாசா மாசம் உதைக்குது."

ஒரு நிமிஷம் மௌனம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒன்பதால வகுத்துப் பாரு!"

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை போய்விடுவேன்.