பண்டிதையின் முக்தி

முக்தி என்றவுடனே நமக்குக் காசியும் கங்கைக் கரையும் ஞாபகத்துக்கு வருகின்றன. பேரன் பேத்தி எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் ஒத்திப்போட்டு வைத்திருக்கும் விஷயம் அது. ஆனால் புனாவிலிருந்து சோலாப்பூர் செல்லும் ரயில் பாதையில் உள்ள கேட்காவ் என்ற ஊரில், 'முக்தி' என்ற பெயரிலேயே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. பசியால் சாகக் கிடந்த பெண்களுக்குச் சோறு போட்டதில் ஆரம்பித்தது அது. ஆரம்பித்தவர் பண்டிதை ரமாபாய், பாகவதத்தின் பதினெட்டாயிரம் சுலோகங்களையும் நெட்டுருப் போட்டவர், ஒரு சாஸ்திரியின் மகள், பிறகு கிறிஸ்தவரானவர்.

ரமாபாய் 1858-ல், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்க்ரே தம் மனைவிக்குச் சம்ஸ்கிருதம் கற்பித்தவர். அந்தக் காலத்தில் அது சாமானியக் குற்றமா? ஊராரின் கோபத்துக்கு ஆளானார். தாயார் தாம் கற்றதை மகளுக்குக் கற்பித்தார். க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகப் போய்ப் புராணம் வாசித்து வாழ்ந்த குடும்பம் அது.

1870-களில் தென்னாட்டில் பஞ்சம் வந்தது. உழைத்துக் கூலி வாங்கத் தெரியாத, பிச்சை கேட்க வாய் வராத அந்தக் குடும்பத்தில் தகப்பனார், தாயார், மூத்த சகோதரி மூவரும் சொற்ப காலத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். ரமாபாய்க்கு அப்போது வயது பதினாறு. தமையனுடன் தேசமெங்கும் கால்நடையாக அலைந்து 1878-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவருடைய புலமையைக் கண்டு அதிசயித்த அங்குள்ள பண்டிதர்கள், 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் சூட்டினார்கள்.

பட்டம் கிடைத்த கையோடு மனத்தில் ஒரு முள்ளும் தைத்தது. தர்ம சாஸ்திரங்களை அவர் அங்கேதான் ஊன்றிப் படித்தார். பல விஷயங்களில் ஒன்றுக்கொன்று முரண்படும் அந்த நூல்கள் இரண்டு விஷயங்களில் மட்டும் ஒத்துப்போவதைக் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். பெண்ணாகப் பிறந்தவளுக்கு, ஆணுக்குப் போல மோக்ஷம் கிடையாது என்பது அவற்றில் ஒன்று. ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் பிறந்த நாட்டில் இருக்கும் நாம் இதற்கு மறுப்புச் சொல்லலாம். ஆனால் பசியையும் மரணத்தையும் பார்த்துவிட்டு வந்த அந்த இளம் பெண்ணுக்கு, படித்த படிப்பெல்லாம் கடைசியில் கதவைச் சாத்திவிட்டது போலிருந்தது.

தமையனும் 1880-ல் போய்விட்டார். அந்த வருஷமே ஜாதி விட்டு ஒரு வங்காளி வக்கீலை மணந்தார். 1882-ல் கணவர் காலராவில் இறந்தார். கையில் பெண் குழந்தை மனோரமா. இருபத்து நான்கு வயதுக்குள் இத்தனையும்!

1883-ல் இங்கிலாந்து சென்ற ரமாபாய் வான்டேஜ் என்ற ஊரில் கன்னிகா ஸ்திரீகளின் மடத்தில் தங்கினார். வழி தவறிய பெண்களுக்காக அவர்கள் லண்டனில் நடத்திய விடுதியையும் பார்த்தார். நம் ஊரில் வாசலில்கூட நிற்க விடமாட்டார்களே, இவர்களுக்கு ஏன் இந்தக் கரிசனம் என்று கேட்டார். ஒரு சகோதரி பதில் சொல்லாமல் யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். கதை எளியது. நடுப்பகலில் கிணற்றடிக்குத் தனியாகத் தண்ணீர் மொள்ள வருகிறாள் சமாரியா ஸ்திரீ ஒருத்தி. ஐந்து புருஷர்களோடு வாழ்ந்தவள். அவள் ஜாதியாரோடு யூதர்கள் பழக மாட்டார்கள். யூதரான இயேசு அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தெய்வத்தை இந்த மலையில்தான் தொழ வேண்டும், அந்த நகரத்தில்தான் தொழ வேண்டும் என்பதில்லை என்று அவளோடு உட்கார்ந்து வேதாந்தம் பேசுகிறார். கிணற்றடித் தீட்டு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா? சாத்திய கதவு ரமாபாய்க்கு அந்த அதிகாரத்தில் திறந்தது. அவ்வருஷம் செப்டம்பரில் ஞானஸ்நானம் பெற்றார்.

இதற்குப் பின்தான் எனக்கு அவர் மீது மதிப்பு அதிகமாகிறது. ஞானஸ்நானம் பெற்றவர் மாமிசம் தொடவில்லை, புடவையை விடவில்லை. சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சம்ஸ்கிருதத்தில் பொறிக்கக் கூடாதா என்று கேட்டார். பிஷப்புகள் சொல்வதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ளவும் மறுத்தார். புரோகிதர்களின் நுகத்தடியை இப்போதுதான் கழற்றி எறிந்தேன், இன்னொன்றைத் தூக்கி வைத்துக்கொள்வேனா என்ற பாவனையில் மடத்துச் சகோதரிக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால், சகோதரியின் பேரில்கூட நமக்குக் கொஞ்சம் இரக்கம் பிறக்கும்!

1889-ல் பம்பாயில் விதவைகளுக்காகச் 'சாரதா சதன்' திறந்தார். மறு வருஷம் அது புனாவுக்கு மாறியது. அதன் முதல் விதவை மாணவியான கோதுபாயைத்தான், பின்னாளில் பெண்கள் சர்வகலாசாலை ஸ்தாபித்த கார்வே 1893-ல் மறுமணம் செய்துகொண்டார். அதே 1893-ல் புயலும் வீசியது. ரமாபாய் தம் அறையில் ஜபம் செய்யும்போது சில பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். மதமாற்றம் என்று ஊரெங்கும் கூச்சல் எழுந்தது. ரானடே போன்ற ஆதரவாளர்களும் விலகினார்கள். பல பெண்களை வீட்டார் அழைத்துக்கொண்டு போனார்கள். மதத்தில் தலையிடுவதில்லை என்ற வாக்கை நம்பிப் பெண்களை ஒப்படைத்த பெற்றோரின் கலக்கத்தை நாம் தள்ளிவிட முடியாது. என் ஜபத்துக்கு நான் ஏன் கதவைத் தாழிட வேண்டும் என்ற ரமாபாயின் கேள்வியையும் தள்ளிவிட முடியவில்லை.

பிறகு மத்திய மாகாணத்தில் 1896-97 பஞ்சம். பத்திரிகைச் செய்தி ரமாபாய்க்குப் பழைய ஞாபகமாக வந்தது. நேரே புறப்பட்டுப் போய், எலும்பும் தோலுமாகக் கிடந்த பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு வந்தார். கிட்டத்தட்ட 300 பேர். புனாவில் பிளேக் கட்டுப்பாடு. அங்கே வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் குடியமர்த்தினார். 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஏறத்தாழ 2,000 பேர் இருந்தார்கள். கண் தெரியாதவர்களுக்கு ஒரு பகுதி. சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கு ஒரு பகுதி. தறியில் நெய்தார்கள், செக்கு ஆட்டினார்கள், வயலில் உழைத்தார்கள், எழுத்துப் படித்தார்கள்.

மராத்தி பைபிளின் நடை பண்டிதர்களுக்குத்தான் விளங்கும், பாமரப் பெண்ணுக்கு விளங்காது என்ற குறை அவருக்கு வெகு நாளாக உண்டு. சம்ஸ்கிருதப் பண்டிதை, ஹீப்ருவும் கிரேக்கமும் படித்துத் தாமே எளிய மராத்தியில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பல வருஷ வேலை. 1921-ல், வலக்கையாக இருந்த மனோரமா இறந்தாள். வேலை நிற்கவில்லை. மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு 1922 ஏப்ரல் 5-ல் ரமாபாய் கண்ணை மூடினார். புத்தகம் 1924-ல் வெளிவந்தது. கேட்காவில் உள்ள அச்சுக்கூடத்தில் அதற்கு எழுத்துக் கோத்தவர்கள், அவர் வளர்த்துப் படிக்க வைத்த பெண்கள்.