நிரல் இருக்கிறது, குறிப்பு எங்கே?

மாணவர்களே, எங்கள் பள்ளியில் படிவம் ஐந்து மாணவர்கள் செடிகளுக்குத் தானாக நீர் பாய்ச்சும் கருவி ஒன்றைச் செய்தார்கள். எஸ்பிஎம் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். நிரல் கணினியில் அப்படியே இருக்கிறது. ஆனால், ஈரப்பத உணரியை ஆர்டுயினோவின் எந்த முனையில் இணைப்பது? யாருக்கும் தெரியவில்லை. குறிப்பு அவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருந்ததாம்!

1971இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்துக்குக் கையேடு எழுதினார்கள். கட்டளையின் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று ஒரே ஒழுங்கு. 'பிழைகள்' என்றும் ஒரு பகுதி உண்டு. தங்கள் நிரலின் குறையைத் தாங்களே எழுதி வைத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீங்கள் எதில் எழுதுவீர்கள்? வேர்ட் கோப்பு பார்க்க அழகுதான். ஆனால், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' மென்பொருள், எளிய உரைக் கோப்பில்தான் எந்த வரி மாறியது என்பதைத் தெளிவாகக் காட்டும். அதனால் நிரலாளர்கள் பலர் 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட 'மார்க்டவுன்' முறையில் எழுதுகிறார்கள். வரியின் தொடக்கத்தில் # இட்டால் அது தலைப்பு. நோட்பேட் போதும். நிரல் இருக்கும் கோப்புறையிலேயே குறிப்பையும் வையுங்கள். நிரலைத் திருத்தும் அன்றே குறிப்பையும் திருத்துங்கள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு மார்க்டவுன் எதற்கு? அவருக்குப் படத்துடன் ஒரு தாள் அச்சிட்டுக் கருவியின் பெட்டிமேல் ஒட்டினால் போதும்.

இப்போது படிவம் நான்கு மாணவிகள் இருவர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து குறிப்பு எழுதுகிறார்கள். முதல் வரி: 'ஈரப்பத உணரி, ஏ0 முனை.' 'பிழைகள்' பகுதியில்: 'மழை பெய்தாலும் சில நேரம் நீர் பாய்ச்சும்.'