உஷார்! விலைக்கு வரும் வம்சாவளி

"உங்க கூட்டம் (குலம்), காணி ஊர் (பூர்வீக ஊர்), குலதெய்வம், பத்துப் பன்னிரண்டு தலைமுறைப் பட்டியல், எல்லாம் எழுதித் தர்றோம். வீட்டுல இருக்கிற பழைய ஓலை, பட்டயத்தை மட்டும் கொடுங்க" என்று யாராவது வந்தால் உஷார்! பணமும் கொடுக்காதீர்கள், ஓலையும் கொடுக்காதீர்கள்.

ஒரு வம்சாவளி செப்பேட்டில் இருந்துவிட்டாலே உண்மை ஆகிவிடாது. கொங்குப் பகுதியையும் ஆண்ட கங்க மன்னர்களின் பெயரில் கிடைத்த செப்பேடுகளில் பல, பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று கல்வெட்டறிஞர் ஃப்ளீட் நூறாண்டுக்கு முன்பே எழுதினார். அரசர்களுக்கே போலி வம்சம் எழுதியிருக்கிறார்கள் என்றால், நம் பாட்டனுக்கு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நாமே தேடினாலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரு கிரயப் பத்திரத்தில் 'பழனியப்பன் மகன் ராமசாமி', இன்னொன்றில் 'ராமசாமி மகன் பழனியப்பன்' என்று இருக்கும். எவர் மூத்தவர்? பத்திரத்தின் ஆண்டு, காட்டின் நான்கெல்லை, சாட்சிக் கையெழுத்து மூன்றையும் ஒப்பிடாமல் முடிவு கட்டினால் ஒரு தலைமுறையே காணாமல் போகும். ஒரே கூட்டம் என்பதாலேயே பங்காளி என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கூட்டத்தார் பல காணி ஊர்களில் இருக்கிறார்கள்.

கடல் கடந்த சொந்தத்தைத் தேடுவோருக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் உண்டு. அதில் 'கோயமுத்தூர்' என்று இருந்தால் இன்றைய கோவை மாவட்டத்துக்குள் மட்டும் துழாவாதீர்கள். கரூர் 1910 வரையும், கொள்ளேகால் 1956 வரையும், ஈரோடு 1979 வரையும் கோவை ஜில்லாவில்தான் இருந்தன. தாராபுரம் கோவையிலிருந்து ஈரோட்டுக்குப் போய், 2009-ல் திருப்பூருக்கு வந்தது. ஜில்லாவை நம்பாமல் தாலுகா, கிராமம் பிடித்துத் தேடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து நிலத்தில் இருக்கிறது. தாத்தா இறந்த தேதி, வாரிசுகளின் பெயர், சர்வே எண், பட்டா நகல் எல்லாவற்றையும் சொந்தக்காரர் வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். போலி வாரிசுச் சான்று தயாரிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? குடும்ப மரத்தில் பெயர் போதும். சர்வே எண்ணும் ஆதாரும் வேண்டாம். பூர்வீகக் காட்டுக்கு அவ்வப்போது வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

ஓலையைப் பொறுத்தவரை மூலம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. ஒவ்வோர் ஏட்டையும் இருபக்கமும், ஓரத்தில் ஏட்டு எண் தெரியும்படி நீங்களே படமெடுங்கள். பூச்சி அரித்திருந்தால் மண்ணெண்ணெய் தடவாதீர்கள். சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவார்கள். படிக்கத் தெரியாத ஏடு என்று ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விட்டது போதும். ஏட்டை விலைக்குக் கேட்பவர்களிடமும் கவனம்: 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமமில்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்வதும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். விலை பேச வருகிறவரிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. வீட்டில் எண்பதைத் தாண்டிய அப்பத்தாவோ அம்மாயியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், மாமன் மச்சான் பெயர், எந்தக் கோயிலில் முடியெடுத்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பத்திரத்தை அடுத்த மாதமும் தேடலாம். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.