அடி ஓரிடம், முறிவு வேறிடம்

2023 ஜூலை மாதம். நாகபுரியில் விடாத மழை. பால் வாங்கிக்கொண்டு திரும்பிய நான் மாடிப்படியில் வழுக்கி, முகவாய்க்கட்டை தரையில் மோத விழுந்தேன். ஓர் அங்குல வெட்டு. பக்கத்து நர்ஸிங் ஹோமில் நான்கு தையல் போட்டு, "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை.

மறுநாள் தோசையைக் கடித்தபோது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி சேரவில்லை. வாயைத் திறந்தால் தாடை இடப்பக்கம் இழுத்தது. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றேன். என் மனைவி விடவில்லை. "36 வருஷம் தண்டவாளத்துல விரிசல் தேடினீங்களே, உங்க வாயில இருக்கிறது தெரியலையா?" என்றாள்.

நான்காம் நாள் முகத்தாடை அறுவை நிபுணரிடம் போனோம். படத்தில் இரண்டு முறிவுகள். ஒன்று வலது கோரைப்பல்லுக்குக் கீழே. மற்றொன்று இடது காதுக்கு முன்னால், தாடை மூட்டின் கழுத்தில். அடிபடாத இடம் எப்படி முறிந்தது? கீழ்த்தாடை லாட வடிவ எலும்பு. முகவாயில் விழும் விசை அதன் வழியே ஓடி, மெலிந்த கழுத்தில் போய் உடைக்கிறது. அணிவகுப்பில் மயங்கி விழும் சிப்பாய்களுக்கு நேர்வதால், முகவாயும் இரு மூட்டுக் கழுத்துகளும் சேர்ந்து முறிவதற்கு 'கார்ட்ஸ்மேன் முறிவு' என்றே பெயர்.

முன்பெல்லாம் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் கட்டி, வாரக்கணக்கில் வாயைப் பூட்டிவிடுவார்கள். 1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து டாக்டர் ஷாம்ப்பி சிறு தகடுகளைப் பொருத்தும் இடங்களை வகுத்தார். கடிக்கும்போது தாடை ஓர் உத்திரம் போல வளைகிறது. மேல்விளிம்பு இழுபடுகிறது, கீழ்விளிம்பு அழுந்துகிறது. பக்கவாட்டில் இழுபடும் பக்கத்துக்கு ஒரு தகடு போதும். முன்புறத்தில் முறுக்கு விசையும் சேர்வதால் இரண்டு. எனக்கும் சுமார் 1 மி.மீ. கனமுள்ள இரண்டு டைட்டானியம் தகடுகள். எங்கள் ஃபிஷ் பிளேட்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம்: தண்டவாளம் தானாக ஒட்டாது, எலும்பு ஒட்டும். அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்வதே தகட்டின் வேலை.

என்னென்ன கெடலாம் என்பதை டாக்டர் முன்கூட்டியே சொன்னார்: உதடு மரக்கலாம், சீழ் பிடிக்கலாம், கடி மாறலாம், வாய் முழுதும் திறக்காமல் போகலாம். மூட்டை அறுத்துத் திறந்தால் முகநரம்புக்கு ஆபத்து; என் முறிவுக்குப் பற்களில் ரப்பர் வளையம் மாட்டி இழுத்தாலே போதும் என்றார்.

அறுவைக்குப் பிந்திய படத்தில் எல்லாம் கச்சிதம். டாக்டரோ படத்தைவிட என் பல்லைத்தான் அதிக நேரம் பார்த்தார். இரண்டாம் வாரம் வாய் திறந்த அளவு 19 மி.மீ. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி, நாளுக்கு நாள் கூட்டிப் பயிற்சி. வலி பொறுக்காமல் ஒரு வாரம் நிறுத்தினேன், 3 மி.மீ. குறைந்துபோயிற்று. அப்புறம் பழைய ரயில்வே வழக்கப்படி நோட்டுப் போட்டு எழுதினேன். நான்காம் மாதம் 38. அதாவது ஏறக்குறைய மூன்று விரல் நுழையும்.

கீழுதடு மரத்துத்தான் போயிற்று. காபி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். மனைவி துண்டைக் காட்டுவாள். ஆறு மாதத்துக்குப் பின் உணர்வு திரும்பியது. இன்றும் காசளவு இடம் மரத்தே இருக்கிறது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

என் பக்கத்துப் படுக்கையில் இருந்த இளைஞனுக்கும் இதே தகடுதான். வீடு திரும்பியதும் இந்த ஊர் கர்ராவை மெல்ல ஆரம்பித்தான்; சோதனைக்கும் வரவில்லை. சீழ் பிடித்து, தகட்டை எடுத்து, மறுபடி அறுவை. புகையிலை புண் ஆறுவதைக் கெடுக்கும் என்று எங்கள் இருவருக்கும்தான் சொன்னார்கள்.

அன்பர்களே, முகவாயில் அடிபட்டால் தையலோடு நின்றுவிடாதீர்கள். பற்கள் பழையபடி சேர்கின்றனவா, வாய் நேராகத் திறக்கிறதா, காதுக்கு முன்னால் வலிக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் விழுந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூட்டு முறிவைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகி, தாடையின் வளர்ச்சியே குன்றிப் போகலாம். எனக்கு வீணானது நான்கு நாள்தான். அதுவும் வீட்டில் ஒருத்தி விடாமல் கேட்டதனால்.