கசாயம் குடிச்சா எதிர்ப்பு சக்தி ஏறுமா?

எனக்குச் சொந்த ஊர் எட்டயபுரம். ஊர்ப் பேரைச் சொன்னா பாரதியார் வீட்டைப் பத்திக் கேப்பாங்க, ஆனா இன்னிக்குப் பேச்சு கசாயத்தைப் பத்தி.

எங்க பக்கம் மழைக்காலக் காய்ச்சல் ஆரம்பிச்சா தெருமுனையில அண்டா வந்துடும். பேப்பர் கப்புல நிலவேம்புக் குடிநீர். 2012-ல டெங்கு பரவினப்போ தமிழக அரசே இதைக் கொடுத்தது. 2020-ல கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர்.

நிலவேம்புக் குடிநீர்ல நிலவேம்பு மட்டும் இல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்னு மொத்தம் ஒன்பது சரக்கு. சித்த மருத்துவத்துல இது சுரத்துக்கான மருந்து. காய்ச்சல் வந்தவங்களுக்கு, சில நாளைக்கு. தினமும் வெறும் வயித்துல குடிக்கிற ‘இம்யூனிட்டி பூஸ்டரா’ அதை மாத்தினது நாமதான்.

எதிர்ப்பு சக்தியை போன் சார்ஜ் மாதிரி ஏத்திக்கலாம்னு நினைக்கிறோம். அது அப்படி ஏத்தி இறக்குற சமாச்சாரம் இல்ல. சிலருக்கு அந்தச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும். முடக்குவாதம், சில வகை தைராய்டு நோயெல்லாம் அப்படி வர்றதுதான்.

கபசுரத்துல சேருற சீந்தில் கொடியை எடுத்துக்கங்க. வடக்கே கிலோய்ம்பாங்க. கொரோனா சமயத்துல அது ஜூஸா, மாத்திரையா தனியாவே வித்துச்சு. 2020 செப்டம்பர்ல இருந்து டிசம்பருக்குள்ள மும்பையில ஆறு பேர் கல்லீரல் பாதிப்போட வந்தாங்க. ஆறு பேருமே சீந்தில் சாப்பிட்டவங்க. டாக்டர்கள் அதை 2021-ல கட்டுரையா வெளியிட்டாங்க. ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கல. அவங்க சாப்பிட்டது சீந்தில்தானா, அதே இனத்துல வேற கொடியான்னு சரியாப் பார்க்கலைன்னு சொல்லுச்சு. எனக்கு அந்தப் பதில்தான் இன்னும் பயமா இருக்கு. ரெண்டும் அவ்வளவு குழப்பும்னா, யூடியூபைப் பார்த்து வேலியில கொடி பறிக்கிறவங்க கதி என்ன?

அதனால கல்லீரல் கோளாறு, முடக்குவாதம் மாதிரி நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிகள், தினமும் மாத்திரை எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. மத்தவங்களும் அரசு சித்த மருத்துவர்கிட்ட அளவும் நாளும் கேட்டுக்கிட்டுக் குடிங்க. குடிக்கிறப்போ கண்ணு மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறத்துல போனாலோ உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

டெங்குல இன்னொரு சிக்கல் இருக்கு. காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரம். கசாயம் வேலை செஞ்சிருச்சுன்னு வீட்ல சந்தோஷப்படுவோம். அப்போ விடாத வாந்தி, கடுமையான வயித்துவலி, ஈறுல ரத்தம்னு ஏதாவது ஒண்ணு வந்தாலும் அடுத்த கப் ஆறட்டும்னு காத்திருக்காதீங்க. ஆட்டோவைக் கூப்பிடுங்க, இல்லேன்னா 108.