குடும்பக் காருக்குப் பந்தயக் குரல்

ஒரு காரின் பின்னாலிருந்து வரும் ஒலியை முதலில் முடிவு செய்வது இன்ஜின். சைலன்சருக்கு இரண்டாம் இடம்தான். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றி முடிப்பதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிகிறது. எரிந்த வாயு, வால்வு திறந்ததும் அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. அடுத்தடுத்து விழும் அந்த அழுத்த அடிகள்தாம் எக்ஸாஸ்ட் ஒலி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 100 அடி கொடுக்கும். மூன்று சிலிண்டர் இன்ஜின் அதே வேகத்தில் 75 அடிதான் கொடுக்கும்.

இந்த வேறுபாட்டைத் திருவள்ளூரில் தயாரான கார்களிலேயே கேட்கலாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து இங்கே 1998 முதல் தயாரித்த லான்சர், 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சுற்று ஏற ஏற அதன் ஒலி சீராக மேலே போகும். இந்துஸ்தான் மோட்டார்ஸின் உரிமையாளரான சி.கே. பிர்லா குழுமத்தோடு 2017இல் கைகோத்த பிரெஞ்சு நிறுவனம் இதே திருவள்ளூரில் தயாரித்து 2022இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சிட்ரோயன் சி3 காரில் இருப்பது 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின். அதன் ஒலி தாழ்ந்தது, கொஞ்சம் கரகரப்பானது. எந்தச் சைலன்சர் டப்பாவை மாட்டினாலும் சி3 லான்சராக ஒலிக்காது. இருக்கிற ஒலியில் எதை விடுவது, எதை அடக்குவது என்பது மட்டுமே சைலன்சர் வேலை செய்பவரின் கையில் இருக்கிறது.

லான்சர் வைத்திருந்த பலருக்கு ஒலியின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அந்தப் பெயர். டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ராலி சாம்பியன் ஆனது லான்சர் எவல்யூஷன் வரிசைக் கார்களில். ஆனால் அவை 2 லிட்டர் டர்போ கார்கள். ராலிப் படங்களில் கேட்கும் அந்தப் பட்பட் வெடிப்பு, டர்போவின் சுழற்சி குறையாமலிருக்க எக்ஸாஸ்ட் பக்கமே எரிபொருளை எரியவிடும் ஏற்பாட்டின் விளைவு. அதையே, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம்மின் புரோகிராமை மாற்றி சாலைக் காரில் வரவழைக்கிறவர்கள் இன்றும் உண்டு. அந்த வெப்பத்தில், புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் உள்கூடு சீக்கிரமே பாழாகிறது. வித்தைக்கு விலை அதிகம்.

பந்தயக் காரின் ஒலி யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. அப்படிப்பட்ட களங்களில் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் மாற்றியவர்கள் தேடியது குதிரைத்திறனை. கூடவே வந்தது ஒலி. குடும்பக் காரில் கதை தலைகீழ். திறன் மிகச் சிறிதளவே கூடும், சில சமயம் குறையவும் செய்யும். ஒலி ஒன்றுதான் நிச்சயமாக மாறும்.

இன்ஜினிலிருந்து வெளியேறும் வாயு முதலில் மேனிஃபோல்டைக் கடக்கிறது. பட்டறைகளில் பெண்டு பைப் என்பார்கள். அடுத்தது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். புதிய பெட்ரோல் கார்களில் இது 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கட்டாயமானது. பிறகு நடு டப்பா, அதாவது ரெசனேட்டர். கடைசியில் பின் டப்பா, அதற்கும் பின்னால் கண்ணில் படும் முனைக் குழாய். இந்த வரிசையில் பின்னாலிருந்து முன்னால் போகப் போக மாற்றத்தின் பலனும் கூடும், சிக்கலும் கூடும்.

பளபளக்கும் முனைக் குழாய் ஏறக்குறைய அலங்காரமே. ஒலியில் காது கண்டுபிடிக்கும் மாற்றம் அதனால் வருவதில்லை.

உண்மையான வேலை பின் டப்பாவில் தொடங்குகிறது. கம்பெனி டப்பாவின் உள்ளே தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருக்கும். ஒலி அலை அவற்றில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு மோதித் தணிகிறது. சில அறைகளுக்கு ஒற்றை வாய் மட்டும் இருக்கும். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி எழுகிறதே, அதே இயற்பியல்தான் அங்கே ஒரு குறிப்பிட்ட சுருதியை விழுங்கப் பயன்படுகிறது. ஸ்போர்ட்ஸ் டப்பாவின் அமைப்பு வேறு. துளையிட்ட குழாய் ஒன்று நேராக ஓடும்; அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருப்பார்கள். பஞ்சு கீச்சென்ற மேல் ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும், தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். காதுக்கு அது கனத்த, திறந்த குரலாகப் படுகிறது. ஓட்டத்தில் பஞ்சு சிறிது சிறிதாகத் துளைகள் வழியே பறந்துவிடும். புதிதில் கம்பீரமாக இருந்த டப்பா சில ஆண்டுகளில் தகரச் சத்தம் போடுவது அதனால்தான். பஞ்சை மாற்றும்படி திறந்து மூடக்கூடிய டப்பா வாங்கியவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

பட்டறைகளில் பலரும் நாடும் மலிவான வழி, நடு டப்பாவை அறுத்தெடுத்து அந்த இடத்தில் நேர்குழாயை வெல்டிங் செய்வது. ஊருக்குள் இரண்டாம் கியரில் முடுக்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். பிரச்சினை ஜி.என்.டி. சாலையில் தெரியவரும். செங்குன்றம் தாண்டி கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வரை ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜின் 2500 சுற்றில் நிலைத்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் காரில் அது நொடிக்கு 83 அடி. சிறிய காரின் உட்கூடு ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். அந்த நீளத்துக் காற்றறை தானே அதிரும் சுருதி நொடிக்குச் சுமார் 85 அதிர்வு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததும் காருக்குள் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் நிரம்பிவிடும். இதில் ஒரு குரூரமும் இருக்கிறது. இத்தகைய அதிர்வில் ஒலியழுத்தம் அறையின் நடுவில் குறைந்தும் இரு கோடிகளில் மிகுந்தும் இருக்கும். ஒலியை ஆசைப்பட்டு மாற்றியவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்க, தலைவலி பின் சீட்டில் சாய்ந்திருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும். நடு டப்பாவைக் கம்பெனி வைத்ததே பெரும்பாலும் இந்த இரைச்சலைக் கொல்லத்தான்.

ஏற்கெனவே அறுத்துவிட்டவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. பிரதான குழாயிலிருந்து பக்கவாட்டில், மறுமுனை அடைத்த குழாய் ஒன்றைக் கிளையாக வெல்டிங் செய்வது. அதன் நீளம் தொல்லை தரும் ஒலி அலையின் நான்கில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 200 டிகிரி வெப்பத்திலுள்ள வாயுவில் ஒலி நொடிக்குச் சுமார் 435 மீட்டர் ஓடுவதால், 83 அதிர்வுக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் குழாய் தேவை. கிளைக்குள் போய்த் திரும்பும் அலை, எதிர் நிலையில் வந்து அந்த ஒரு சுருதியை மட்டும் அழிக்கும். மற்ற ஒலி அப்படியே இருக்கும். சின்னக் காரின் அடியில் இவ்வளவு நீளக் குழாய்க்கு இடம் தேடுவதுதான் கஷ்டம். ஜே எழுத்து வடிவில் வளைத்து ஒடுக்குவார்கள்.

பெண்டு பைப்பை மாற்றுவது அடுத்த படி. 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1, 4 குழாய்களையும் 2, 3 குழாய்களையும் தனித்தனியே இணைத்து, பிறகு ஒன்றாக்குவது வழக்கமான பந்தய அமைப்பு. குழாய்கள் சம நீளமாக இருந்தால் ஒலி தெளிவாகும். நீளம் மாறினால் உறுமல் கூடும். ஆனால் பல புதிய கார்களில் மேனிஃபோல்டை ஒட்டியே கன்வர்ட்டர் இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் போகும். கன்வர்ட்டரை எடுத்துவிட்டால் ஆக்சிஜன் சென்சார் உடனே காட்டிக்கொடுக்கும், டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும், புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு வந்த கார்களில் இந்த வேலையை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். டர்போ கார்களில் டர்பைன் சக்கரமே அடிகளின் வேகத்தைப் பாதி தின்றுவிடுவதால், பின் டப்பா மாற்றத்துக்கே மற்ற கார்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடமுண்டு. டீசல் காரில் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

வெளியே போகும் ஒலியைத் தொடாமல் உள்ளே வரும் ஒலியை வளர்க்கவும் வழி இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் காருக்குள் இருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். தெருவில் போகிறவருக்கு அவ்வளவாகக் கேட்காது. கம்பெனி ஏர் பில்டர் பெட்டிக்குள்ளேயே பொருந்தும் மாற்று பில்டர் போட்டால் சிறு மாற்றம் தெரியும். பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு பில்டர் வைத்தால் மாற்றம் பெரிது. ஆனால் அது பானெட்டுக்கடியில் உள்ள சூடான காற்றையும், சிப்காட் தொழிற்பேட்டைச் சாலைகளில் கனரக லாரிகள் கிளப்பும் புழுதியையும் சேர்த்தே இழுக்கும்.

ஒலிபெருக்கி வழியே ஒலியைச் சேர்ப்பது இன்னொரு வகை. பி.எம்.டபிள்யூ. 2011இல் வந்த எம்5 காரிலேயே இன்ஜின் ஒலியைக் காரின் ஸ்பீக்கர்களில் கலந்து கொடுத்தது. ஃபோக்ஸ்வாகன் சில கார்களில் முன் கண்ணாடிக்குக் கீழே அதிரும் சிறு கருவியைப் பொருத்தியது. காரின் கோளாறு கண்டறியும் ஓபிடி இணைப்பிலிருந்து சுற்று வேகத்தைப் படித்து ஒலி எழுப்பும் கருவிகள் கடைகளிலும் கிடைக்கின்றன. ஏமாற்று வேலை என்று ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வேண்டாதபோது அணைத்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் ஒலி இது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆவது விதி எல்லா வண்டிக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. பயணிகள் கார் தயாரிப்பு நிலையில் 74 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2005 முதல் உள்ள வரம்பு. காரை முடுக்கியபடி ஓட்டி, 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளப்பார்கள். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகப் படும் என்பதால், இதில் சில எண்கள் கூடுவதே பெரிய வேறுபாடு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தொழிற்பேட்டைப் பகுதிக்குப் பகலில் 75, குடியிருப்புக்கு 55 டெசிபல் என்று வகுத்திருப்பதைக் காட்டி, தொழிற்பேட்டையான கும்மிடிப்பூண்டியில் கொஞ்சம் சத்தம் போட்டால் என்ன என்று வாதிடுவோர் உண்டு. அந்த அளவு இடத்துக்கானது. வண்டிக்கான வரம்பு எங்கே போனாலும் கூடவே வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190ஆவது பிரிவின் கீழ் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், அதோடு மூன்று மாதம் உரிமமும் போகும்.

சட்டத்துக்குள் நின்றே ஸ்போர்ட்ஸ் ஒலி வேண்டும் என்பவருக்கு நேர்வழி, தொழிற்சாலையிலிருந்தே அப்படி வரும் கார். ஹூண்டாய் 2021இல் கொண்டுவந்த ஐ20 என் லைன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோழவரத்துக்குப் பிறகு பந்தயம் இடம்பெயர்ந்த அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் அதன் தொழிற்சாலை இருக்கிறது. சாதாரண ஐ20 டர்போவில் இருந்த 1 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினே இதிலும். இரட்டை முனையோடு எக்ஸாஸ்டைக் கனத்த குரலுக்கு ஏற்ப மாற்றி அமைத்து, ஒலி வரம்புச் சோதனையிலும் தேறவைத்து விற்றார்கள். மூன்று சிலிண்டரின் கரகரப்பைக் குறையாகக் கருதி மறைக்காமல் அதையே பயன்படுத்திக்கொண்டது புத்திசாலித்தனம்.

பழைய டப்பா துருப்பிடித்து மாற்றும் கட்டாயம் வரும்போது உலோகத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் குழாய்க்குள் வருகிறது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை மட்டுமே ஓடும் காரில் டப்பா முழுச் சூட்டை எட்டாததால் நீர் உள்ளேயே தங்கித் துரு பிடிக்கவைக்கும். எண்ணூர், பழவேற்காடு பக்கத்து உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கும். சாதாரண இரும்புத் தகடு இரண்டுக்கும் நடுவே நெடுநாள் தாங்காது. துருப்பிடிக்காத எஃகின் 304 ரகம் தாங்கும். கம்பெனிகள் பொதுவாகப் பயன்படுத்தும் 409 ரகமும் துருப்பிடிக்காத எஃகுதான், ஆனால் காந்தம் ஒட்டும். ஆகவே காந்தத்தை வைத்துப் பார்த்து மட்டமான தகடு என்று முடிவுகட்டக் கூடாது.

பொருத்திய பிறகு குழாய் எரிபொருள் தொட்டிக்கும் பிரேக் லைனுக்கும் ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் விலகி ஓடுகிறதா, கழற்றிய வெப்பக் கவசங்கள் திரும்ப வந்தனவா, தொங்கும் ரப்பர்கள் இறுக்கமாக இழுபடாமல் இருக்கின்றனவா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இணைப்புகளில் கருப்பு அல்லது சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் அங்கே வாயு கசிகிறது. காரின் அடியில் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரைத் துளைகள் வழியே அது உள்ளே ஏறிவிடும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் சூடேறியும் ஆறியும் கிளாம்புகள் தளர்ந்திருக்கும் என்பதால், அவற்றை ஒருமுறை மீண்டும் முறுக்கிவிட்டு, புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் அப்போதே புதுப்பித்துக்கொள்வது நல்லது.