மதியத்துக்குப் பிறகு குழந்தையை யார் பார்ப்பது?

“பாலர் பள்ளியில சேர்க்க ஆசைதான் அக்கா. ஆனா மத்தியானத்துக்குள்ள விட்டுடுறாங்க. எனக்கு வேலை முடிய சாயந்திரம் ஆயிடும். அதுவரைக்கும் பிள்ளைய யார் பார்ப்பா?”

ரிங்லெட்டில் காய்கறித் தோட்டமொன்றில் வேலை செய்யும் இளம் தாய் என்னிடம் கேட்டது இது. வானொலியில் பாலர் கல்வி பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி என்று தரத்தையே பேசுவார்கள். இவர் கேட்டதோ நேரத்தைப் பற்றி. அந்த நேரம் ஒத்துவராவிட்டால், எவ்வளவு தரமான வகுப்பும் அவர் பிள்ளைக்குக் கிடைக்காது.

கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் உருவானது. தோட்ட வாழ்க்கையை அறிந்த நம் பாட்டிமாருக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். அம்மா வேலைக்குப் போனால், திரும்பும்வரை ஆயா பார்த்துக்கொள்வார். நேரம் பொருந்தியது. ஆனால் தொட்டில், பால், தூக்கம் இவற்றைத் தாண்டிக் கற்றலுக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

இன்றைய நிலை நேர்மாறு. கல்வி அமைச்சின் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருக்கலாம். ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் உண்டு. தேசியப் பாடத்திட்டமும் இருக்கிறது. ஆனால் வகுப்பு நாளுக்குச் சுமார் நான்கு மணி நேரம்தான்.

இந்தப் பிளவு சட்டத்திலேயே தொடங்குகிறது. நான்கு வயதுக்குட்பட்டோருக்கான காப்பகங்கள் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநலத் துறையின் கீழ் வருகின்றன. அதற்கு மேற்பட்டோருக்கான பாலர் பள்ளிகள் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ். ஒன்று பராமரிப்பு, மற்றொன்று கல்வி. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ இரண்டும் ஒரே நாளில் தேவைப்படுகின்றன.

பாலர் கல்வியின் தரம் என்றாலே ஆய்வாளர்கள் காட்டும் உதாரணம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெரி பாலர் பள்ளித் திட்டம். அங்கே ஆசிரியர்கள் காலையில் வகுப்பு நடத்தியதோடு, வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் சென்றார்கள். அந்தப் பிள்ளைகளை 40 வயதுவரை தொடர்ந்து கவனித்தபோது படிப்பிலும் வருமானத்திலும் நல்ல பலன் தெரிந்தது. குடும்பத்தின் நிலையை அறிந்து நடத்தியதும் அந்தத் தரத்தின் ஒரு பகுதிதான்.

நம் நாட்டில் 2013–2025 கல்விப் பெருந்திட்டம் 2020-க்குள் எல்லாப் பிள்ளைகளையும் பாலர் பள்ளியில் சேர்க்க இலக்கு வைத்தது. 2025 ஜூலையில் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டம், ஐந்து வயதிலிருந்தே பாலர் கல்வியைக் கட்டாயமாக்கும் என்கிறது. நல்ல முடிவு. ஆனால் கட்டாயம் என்று சொல்லும்போதே, வகுப்பு முடிந்த பிறகு பிள்ளை எங்கே இருக்கும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுமை தாயின் தலையில்தான் விழும். சம்பளத்தை விடுவதா, பள்ளியை விடுவதா என்று அவர் திண்டாடுவார்.

வழி இல்லாமல் இல்லை. தமிழ்ப்பள்ளி வளாகத்திலேயே மாலைவரை பராமரிப்பு, மதிய உணவு, மலைப்பாதையில் பாதுகாப்பான வேன் ஆகிய மூன்றையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இப்போதே எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளிமாரும் செலவில் பங்கேற்கலாம்.

பிள்ளைக்கு இடம் தேடும் பெற்றோர்களே, மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். பள்ளி பதிவு பெற்றதா? ஆசிரியர் பாலர் கல்வியில் டிப்ளோமா முடித்தவரா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அப்படியே நான்காவதாக, அந்த ரிங்லெட் தாயின் கேள்வியையும் கேட்டு வையுங்கள். பலர் கேட்டால்தான் அது கொள்கை வகுப்பவர்கள் காதில் விழும்.